ஊருக்குள் பரவிக் கிடந்த சேர்ச்

இல்லாத கட்டடத்துக்காக ஓர் ஊரையே பகைத்துக்கொண்ட மனிதன் உலகத்தில் ஒருவன்தான்: ஊர்காவற்றுறை ஆமென் அண்ணை. சைக்கிள் திருத்துவார். ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக் காற்றடித்து முடித்ததும் "ஆமென்" என்பார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

எங்கள் வீடுகள் இருந்த குறுகிய ஒழுங்கையில் ஒரு சின்ன அங்கிலிக்கன் தேவாலயம் இருந்தது. எங்கள் வாயில் அது சேர்ச். வெள்ளைக்காரர் துறைமுகத்தில் உத்தியோகம் பார்த்த காலத்தில் கட்டியது. அவர்கள் போனபின் சில தமிழ்க் குடும்பங்கள் அதைப் பார்த்துக்கொண்டன. சண்டையில் கூரை போனது. நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பியபோது சுவர் நின்றது. பிறகு சுவர், கதவு, உட்காரும் வாங்கு எல்லாம் போயின. யார் கொண்டுபோனது? நாங்கள்தான். வீடிழந்து வந்த சனம், முன்னால் கல் கிடந்தால் கும்பிட்டுக்கொண்டா நிற்கும்? கேட்க ஒருவரும் வரவுமில்லை.

ஆமென் அண்ணை மட்டும் விடவில்லை. தேநீர்க்கடைக்குள் நுழைந்து, வாங்கில் இருப்பவனை எழுப்புவார்.

"எழும்பும்! உது என்ர அப்பா இருந்து செபிச்ச வாங்கு. வடையோட இருக்கிறீர்!"

கந்தையா அண்ணையின் ஆட்டுக்கொட்டிலுக்குச் சேர்ச் கதவு. அதைத் தட்டாமல் திறந்தால் ஏச்சு. எங்கள் வீட்டுக் கிணற்றடியில் துணி தோய்க்கும் கல், பீடத்துப் படிக்கல். நாங்கள் சைவக்காரர். ஆனாலும் ஞாயிறு காலையில் வந்து நிற்பார்.

"தங்கச்சி, தோய்க்கிறதை நிப்பாட்டு. ஆராதனை."

"சவுக்காரம் போட்டாச்சு அண்ணை," என்பாள் என் மனைவி.

"அப்ப சத்தம் போடாமத் தோய்."

இந்த மனிதனுக்கு ஐம்பது தாண்டிக் கலியாணம் பொருந்தியது. பெண், காரைநகரில் தையல் செய்யும் றோஸ் அக்கா. பெண் வீட்டார் யாழ்ப்பாணத்துச் சேர்ச்சில் தாலி கட்டச் சொன்னார்கள். ஏலாது என்றுவிட்டார். அப்பா அம்மா கலியாணம் கட்டின இடத்தில்தான் கட்டுவாராம். யாழ்ப்பாணத்துப் போதகர் வந்து, புதர் மண்டிய இடத்தைப் பார்த்தார்.

"பற்றைக்குள்ள நிண்டு கலியாணம் செய்து வைக்க ஏலாது. சேர்ச் எங்க?"

"இருக்குது ஐயா. ஊருக்குள்ள பரவிக் கிடக்குது."

றோஸ் அக்கா படகேறி வந்து சைக்கிள் கடை வாசலில் நின்றார்.

"உங்கட சேர்ச் எழும்புறதுக்குள்ள என்னைச் சவப்பெட்டியிலதான் கொண்டரவேண்டி வரும். வாற ஞாயிறு தாலி கட்டுங்கோ, இல்லாட்டி விடுங்கோ."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். பக்கத்தில் நின்ற எனக்குக் கோபம் வந்தது.

"உமக்கு மூளை இருக்கோ? நல்ல மனிசி போகப்போறா!"

"போகட்டும்," என்றார். அவர் அன்று யாருடனும் சண்டை பிடிக்கவில்லை. அதை என்னால் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை அலவாங்கு எடுத்துப் படிக்கல்லைக் கிளப்பினேன். கல்லை அவர் தலையில் போடலாம் போலத்தான் இருந்தது. போடவில்லை. வண்டிலில் ஏற்றிச் சேர்ச் வளவில் கொண்டுபோய் இறக்கினேன். அதைக் கண்ட தேநீர்க்கடைக்காரர் வாங்கைத் தூக்கி வந்தார். கந்தையா அண்ணை முணுமுணுத்துக்கொண்டே கதவைக் கழற்றினார். பின்னேரத்துக்குள் பற்றை வெட்டப்பட்டுவிட்டது. யார் யார் வீட்டிலிருந்தோ தூணும் சன்னலும் வந்து சேர்ந்தன. கூரை மட்டும் இல்லை. அதைத் தர எங்களிடமும் இல்லை.

ஞாயிறு காலையில் போதகர் சுற்றிப் பார்த்தார். கதவோடு ஆடும் வந்திருந்தது. சிரித்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். அவர் செபத்தை முடிக்குமுன் மாப்பிள்ளை "ஆமென்" என்றார். றோஸ் அக்கா கிள்ளினார். எங்கள் எல்லாரையும் திருடர் என்று ஏசிய வாய், அன்றைக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. அழுதுகொண்டிருந்தது.

றோஸ் அக்கா கேட்டது ஒன்றுதான்: குடித்தனம் காரைநகரில். ஆமென் அண்ணை மறுபேச்சில்லாமல் போய்விட்டார். ஒழுங்கையில் இப்போது சத்தமில்லை. நிம்மதி என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். காரைநகரில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் ஞாயிறு வந்தால் படகேறிவிடுகிறேன்.