வாத்தியார் செய்த மலை

மலையுச்சியில் ஊற்றிய தண்ணீர் இரண்டாகப் பிரியவே இல்லை. மொத்தமும் ஒரே சரிவில் இறங்கி, புவியியல் வாத்தியாரின் கால்சட்டையை நனைத்தது.

மேசைமேல் இருந்த அந்த மலை அவரே களிமண்ணில் பிடித்தது. உச்சியில் பெய்யும் மழையில் பாதி இடப்பக்கம் ஆற்றுக்கும், மீதி வலப்பக்கம் ஏரிக்கும் போகும். நீர்ப்பிடிப்புப் பகுதி என்றால் என்னவென்று பிள்ளைகளுக்கு விளங்கும். ஆய்வுக்கு வந்த அதிகாரி அசந்துபோவார். துணைத் தலைமையாசிரியர் பதவி மடியில் வந்து விழும். "இனிமே என்னை வெறும் வாத்தியார்னு யார்கிட்டயும் சொல்லாதே" என்று மனைவியை எச்சரித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். இப்போதைக்கு மடியில் விழுந்தது தண்ணீர்.

முதல் வரிசையில் தலைமையாசிரியைக்குப் பக்கத்தில் இருந்த அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"மேசை சாயுது சார். இந்தக் காலுக்கு அட்டை வைக்கட்டுமா?" என்றாள் ரெட்டைவால். பட்டப்பெயர் வாத்தியார் சூட்டியதுதான்.

"பரவாயில்லையே, உனக்குக்கூட மூளை வேலை செய்யுதே! வை."

வைத்தாள். தண்ணீர் பின்பக்கமாக வழிந்து தரைக்கு வந்தது.

"சார், என் ரூம் பக்கம் ஈரம் வந்துடப்போகுது. தரையில கட்டுக்கட்டா காகிதம் கிடக்கு" என்று முணுமுணுத்தார் தலைமையாசிரியை.

"கவலையே படாதீங்க மேடம். நீரோட்டம் என் உள்ளங்கையில!"

"ஒரு குவளைக்கெல்லாம் ஆறு ஓடாது சார்" என்றது கடைசி பெஞ்சு. "மழைன்னா வாளியில ஊத்தணும்."

கதவோரம் நிரம்பிய வாளிகள் வரிசையாக நின்றன. பிள்ளைகளின் ஆர்வத்தைப் பார்த்து வாத்தியாருக்கு நெஞ்சு விம்மியது. யார், எப்போது நிரப்பினார்கள் என்று கேட்கத்தான் தோன்றவில்லை.

முதல் வாளியில் ஆறு கரை புரண்டது. இரண்டாவதில் மலையே சப்பணமிட்டு ஏரிக்குள் உட்கார்ந்துவிட்டது. அதிகாரி இரண்டு கால்களையும் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்.

"தாழ்வாரத்துக்குத் தள்ளிடலாம் சார், ஓட்டை வழியா வெளிய போயிடும்!"

"தள்ளுங்க, தள்ளுங்க!"

துடைப்பங்கள் பறந்தன. வெள்ளம் தாழ்வாரத்தில் இறங்கியது. ஆனால் வடிகால் ஓட்டையில் ஒரு சாக்கு கச்சிதமாகத் திணிக்கப்பட்டிருந்தது.

"யார் பண்ணின வேலை இது?"

"அணை சார். குறுக்க தடுத்தா தண்ணி வேற வழியில திரும்பும்னு நீங்கதானே சொன்னீங்க?"

திரும்பியது. சொந்த மாமியார் வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளை மாதிரி யாரிடமும் வழி கேட்காமல் தாழ்வாரம் முழுக்க நடந்து, தலைமையாசிரியை அறைக் கதவின் அடியில் நுழைந்தது. "ஐயோ, என் கட்டு!" என்று அவர் ஓடினார்.

மலையோடு பதவியும் கரைவது வாத்தியாருக்குத் தெரிந்தது. சட்டென்று பழியைப் பிள்ளைகள் தலையில் கட்டினார். "எவ்வளவு சொல்லிக் குடுத்தாலும் இதுங்க மண்டையில ஏறாது சார். களிமண்ணு!"

அதிகாரி காலுறையைப் பிழிந்தபடி ரெட்டைவாலை அழைத்தார்.

"அப்படியாம்மா? ஒண்ணுமே புரியலையா? நீயே சொல்லு, மேட்டுல ஊத்தின தண்ணி கடைசியா எங்க போய்ச் சேரும்?"

"நாளைக்கு வைக்கப்போற கணக்குப் பரீட்சை கேள்வித்தாள் கட்டுக்கு சார். நேத்தே கோலி உருட்டிப் பாத்துட்டோம்."