ஜேசிபிக்கு எதிர் வீடு

வைகறை கார்டன் சிட்டி,
மம்சாபுரம் விலக்கு.
ஞாயிற்றுக்கிழமை, பூசை கண்டு வந்த பிறகு.

பாசமுள்ள தம்பி, வணக்கத்துக்குரிய பெலிக்ஸ் சாமி அவர்களுக்கு, அக்கா பரிபூரணம் தோத்திரம் சொல்லி எழுதுவது.

போன வியாழக்கிழமை வீடு மந்திரிக்கும்போது உள்ளே இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு யாரும் "நான் அங்கே இல்லை" என்று சொல்லக் கூடாது. அங்கியும் புத்தகமுமாக நீ. தீர்த்தச் செம்போடு நான். சுவரைத் தட்டித் தட்டிக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டு உன் அத்தான் சூசை. போனில் படம் பிடித்துக்கொண்டு என் மகள் ஷீனா. பால் பொங்குகிறதா என்று பார்க்க நிறுத்தப்பட்டு, சரியாகப் பொங்குகிற நேரத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்ட என் நாத்தனார் ஏசம்மாள். திரு இருதய ஆண்டவர் படத்தைத் தலையில் சுமந்து வந்த செட்டியார்பட்டி ஆஸ்டின். இவர்களோடு, வாசல் நிலை ஓரமாக வெள்ளைச் சட்டை போட்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கி, கைகட்டி நின்ற ஒரு பெரியவர். ஆக ஏழு பேர். டம்ளர் கழுவியவள் நான், எனக்கு எண்ணிக்கை தப்பாது. அந்தப் பெரியவரை எங்கள் பக்கத்துச் சொந்தம் என்று நீ நினைத்தாய். உன்னோடு வந்த உபதேசியார் என்று நான் நினைத்து, அவருக்கு மட்டும் பாலில் இன்னும் கொஞ்சம் சீனி போட்டுக் கொடுத்தேன்.

நீ தியான மடத்தில் சுகமாக இருப்பாய். நாங்கள் இங்கே சுகமாக இல்லை. போனை வாங்கி வைத்துக்கொண்டு கடிதத்தை மட்டும் உள்ளே விடுகிறார்களாம் என்று ஷீனா சொன்னதால் எழுதுகிறேன். தியானத்தைக் கலைப்பதற்கு மன்னிக்க வேண்டும். ஆனால் என் மனசு கலைந்து கிடக்கும்போது உன்னுடையது மட்டும் எதற்குக் கூடியிருக்க வேண்டும்? ஏலே பெலிக்ஸ், நீ மந்திரித்தது நம்ம வீடு இல்லை.

எப்படி என்று கேள். எங்களுக்கு வீட்டைக் காட்டியவன் கம்பெனி ஆள் பாலகணேஷ். கழுத்தில் அடையாள அட்டை, கைக்கு ஒரு போன். அங்கே உள்ள வீடுகள் எல்லாம் இட்லித் தட்டில் ஊற்றி எடுத்தது போல ஒரே அச்சு, ஒரே சந்தனக் கலர், அதில் ஒரே காப்பிக் கலர் கோடு. தெருவுக்குப் பெயர்ப்பலகை வரவில்லை, கதவுக்கு எண் வரவில்லை. "பொறவு எங்க வீட்ட எப்படித் தம்பி அடையாளம் கண்டுக்கிடுதது?" என்று கேட்டேன். "அது ரொம்ப ஈசிக்கா. அந்தா ஜேசிபி நிக்குதுல்லா, அதுக்கு நேர் எதிர் வீடு" என்றான். நான் மனசில் எழுதிக்கொண்டேன். ராஜபாளையத்து மில்லில் காலமெல்லாம் நூல் எண்ணிய உன் அத்தானும் எழுதிக்கொண்டார். ஜேசிபிக்குச் சக்கரம் இருக்கிறது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

வியாழக்கிழமைக்குள் அது எதிர் லைனுக்கு நகர்ந்துவிட்டது. நாம் எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டே அதன் பின்னால் போயிருக்கிறோம். பூட்டுத் திறந்ததே என்று கேட்பாய். திறந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். கம்பெனிக்காரர்கள் பூட்டை மொத்தமாக வாங்கியதில் ஒரு வீட்டுச் சாவி எல்லா வீட்டையும் திறக்கிறது. "என்னப்பா இது அநியாயம்" என்று சண்டைக்குப் போனால், "கம்யூனிட்டி லிவிங்னா அப்படித்தான்க்கா, எல்லாரும் ஒரே குடும்பம்" என்கிறான் அந்தப் பாலகணேஷ், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல்.

அவர்கள் கொடுத்த வழவழப்பான புத்தகத்தில் போட்டிருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வைத்திருக்கிறேன். நீச்சல் குளம் என்பது ஒரு குழி, மழை பெய்தபின் அதில் எருமைகள் குளிக்கின்றன. நடைப்பயிற்சிப் பாதையில் ஆடுகள்தான் நடக்கின்றன, அவைகளும் பாதியில் திரும்பிவிடுகின்றன. மலை பார்த்த வீடு என்றார்கள். பொய் சொல்ல மாட்டேன், மலை தெரிகிறது. கக்கூஸில் ஸ்டூல் போட்டு ஏறி வென்டிலேட்டர் வழியாகப் பார்த்தால் தெரிகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நீ தியானத்துக்குக் கிளம்பிப் போன மறுநாள், ராஜபாளையத்து வாடகை வீட்டைக் காலி செய்து, சாமானை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, நீ மந்திரித்த வீட்டு முன்னால் இறக்கினோம். வாசலில் பெரிய கோலம். நிலையில் மாவிலை. நடுவில் விளக்குமாறும் கையுமாக ஒரு அம்மாள்.

"ஏக்கா, யாரு வீட்டு வாசல்ல யாரு பீரோவ எறக்குதீக?"

"எங்க வீட்டு வாசல்ல எங்க பீரோவ எறக்குதோம். நீங்க யாரு?"

"எங்க வீட்டுக்கு வந்து என்னய யாருன்னு கேக்கீகளா? நல்லாருக்கே கத! ஏங்க, செத்த வெளிய வாங்க!"

உள்ளே இருந்து வந்தார் ஒருவர். வெள்ளைச் சட்டை, கக்கத்தில் அதே குடை. உபதேசியார் என்று நினைத்துச் சீனி போட்டுக் கொடுத்தேனே, அவர்தான் அந்த வீட்டை வாங்கியிருக்கிற குருசாமி. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஜட்ஜுக்கு முன்னால் நிற்கிற டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மாள் அவர் சம்சாரம் சண்முகத்தாய். வியாழக்கிழமை தன் வீட்டைச் சுத்தம் செய்ய ஆள் பேசலாம் என்று வந்தவர், உள்ளே ஒரு சாமியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்த்து, செருப்பை வெளியே கழற்றிவிட்டு ஓரமாக நின்றிருக்கிறார்.

"அண்ணாச்சி, அன்னைக்கே இது எங்க வீடுன்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?" என்றேன்.

"சாமி காரியம் நடக்கையில குறுக்க பேசலாமாம்மா? எனக்குக் கோர்ட்டுல நின்னே பழகிருச்சு. முடிஞ்சதும் சொல்லுவோம்னுதான் இருந்தேன். முடிஞ்சதும் பாலக் குடுத்துட்டீக. பாலக் குடிச்சிட்டு எப்படிம்மா எந்திரிச்சுப் போங்கன்னு சொல்லுதது?"

போதாததற்கு, வீடு வாங்குகிறவர்களுக்குக் கம்பெனியே எல்லாச் சாமிக்கும் சேர்த்து ஏற்பாடு பண்ணியிருக்கிறது என்று வேறு நினைத்துக்கொண்டாராம். இவ்வளவு மரியாதை தெரிந்த மனுஷனை நான் எப்படித் திட்ட? அவரைத் திட்ட முடியாத கோபத்தையும் சேர்த்து உன்மேல்தான் வைத்திருக்கிறேன். நீதான் மதுரை பஸ்ஸுக்கு நேரமாச்சு, நேரமாச்சு என்று வாட்சைப் பார்த்துக்கொண்டே ஜெபம் சொன்னாய். நம்ம வீடு கிழக்கே பார்த்தது என்று நான் உனக்கு நூறு தரம் சொல்லியிருக்கிறேன். சாயங்கால வெயில் முதுகில் அடிக்கிறதே, இது மேற்கே பார்த்த வாசலாயிற்றே என்று, அத்தனை வருஷம் படித்த உனக்குத் தெரிய வேண்டாமா?

உள்ளே போய்ப் பார்த்தேன். நம்ம திரு இருதய ஆண்டவருக்குச் செவ்வந்தி மாலை போட்டு, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள் சண்முகத்தாய். எனக்கு உச்சிக்கு ஏறிவிட்டது. "யாரக் கேட்டு வச்சீக?" என்றேன். "வீட்டுக்கு வந்த சாமிய மூளியாவாக்கா வச்சுப் பாக்கச் சொல்லுதீக?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறாள். சரி, படத்தைக் கொடுங்கள், மந்திரித்ததையும் விட்டுக் கொடுங்கள் என்றேன். "படம் ஒங்க படம், கழட்டிக்கிடுங்க. மந்திரிச்சத எப்படிக்கா கழட்ட? அது செவத்துக்குள்ளல்லா போயிருச்சு" என்றாள். அன்றைக்கு மத்தியானமே அவர்கள் லைனுக்குப் போர்த் தண்ணீர் வந்துவிட்டது. பாலகணேஷ் குழாயைத் திருப்பினான் என்று அவள் ஒத்துக்கொள்ளவில்லை, உன் ஜெபம்தான் என்று லைன் முழுக்கச் சொல்லிவிட்டாள். அடுத்த வீட்டுக்காரி, "அந்தச் சாமி எந்த ஊருல இருக்காக, எம்புட்டு வாங்குவாக?" என்று என்னிடமே விசாரிக்கிறாள்.

இனி நம்ம வீட்டுக் கதைக்கு வா. கிழக்கு பார்த்த மூலை வீடு. குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வருகிறது. பாட்டிலில் மீதி இருந்த தீர்த்தத்தையாவது நானே நாலு மூலைக்கும் தெளிக்கலாம் என்று தேடினால், தண்ணீர் இல்லையென்று உன் அத்தான் அதை ஊற்றிப் பிரஷர் மாத்திரை போட்டுவிட்டார். கேட்டால், "ஏட்டி, உள்ள போனா நல்லதுதான" என்கிறார். "ஆண்டவருக்கு எது நம்ம வீடுன்னு தெரியாதா? அட்ஜஸ்ட் பண்ணிக்கிடுவாரு" என்று வேதம் வேறு சொல்கிறார். அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள ஆண்டவர் என்ன கம்பெனி மேஸ்திரியா?

மந்திரிக்காத வீட்டில் அடுப்பு மூட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து ஓட்டல் சாப்பாடுதான். உன் அத்தான் தினமும் பரோட்டாவும் சால்னாவும் வாங்கிக்கொண்டு வருகிறார். அவர் முகத்தில் துக்கம் எதுவும் தெரியவில்லை.

நீ இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதே. கல்யாணம் ஆன நாள் முதல் வாடகை வீடு. ஒரு ஆணி அடிப்பதற்கு வீட்டுக்காரரிடம் போய் நிற்பேன். ஆண்டவர் படத்தை நாற்காலியில் சாய்த்து வைத்து ஜெபம் சொன்ன வருஷங்கள் உண்டு. அதனால்தான் அன்றைக்கு ஆஸ்டின் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கி அந்த ஆணியை நானே அடித்தேன். அதை அடுத்தவர் சுவரில் போய் அடித்திருக்கிறேன். தியானம் முடிந்து நீ நேரே வடக்கே மிஷனுக்குப் போகிறாய், எப்போது திரும்புவாயோ தெரியாது. என் வீட்டுக்கு என் கூடப்பிறந்தவன் வாயால் ஒரு ஜெபம் கேட்டேன், வேறு என்ன கேட்டேன்?

வருகிற புதன்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திரம். அது முடிந்துவிட்டால் முடிந்ததுதான். பாலகணேஷ் இதற்கும் ஒரு யோசனை வைத்திருக்கிறான். "பத்திரத்துல நம்பர மாத்திருவோம்க்கா. ரெண்டும் ஒரே வெல, ஒரே அளவு. நீங்க அங்க போயிருங்க, அவிய இங்க வந்துருவாக." வாயைக் கழுவச் சொன்னேன், தண்ணீர் இல்லாததால் விட்டுவிட்டேன். எனக்கென்று சொன்ன ஜெபம் என்னைத் தேடி வர வேண்டுமே தவிர, நான் பீரோவைத் தூக்கிக்கொண்டு அதன் பின்னால் போக முடியாது. அதிலும் மேற்கே பார்த்த வீடு! சாயங்காலமானால் அடுப்படி வரைக்கும் வெயில் வரும்.

ஆகவே எனக்கு வேண்டியது இது. நீ ஜெபத்தில் "இந்த வீட்டையும் இதில் குடியிருப்போரையும்" என்று சொன்னாய். பேரைச் சொல்லி, சூசை, பரிபூரணம் என்று சொல்லியிருந்தால் இந்த வம்பே இல்லை. குடியிருப்போர் என்றால் அப்போது உள்ளே நின்ற நாங்களா, வாசலில் நின்ற அண்ணாச்சியா? மந்திரிப்பு சுவரில் நிற்குமா, ஆளோடு வருமா? ஆளோடு வரும் என்றால் உன் கையெழுத்துப் போட்டு எழுதி அனுப்பு, சண்முகத்தாயிடம் காட்டுகிறேன். சுவரில்தான் நிற்கும் என்றால், மடத்துப் பெரிய சாமியிடம் ஒரு நாள் உத்தரவு கேட்டுப் புதன்கிழமைக்கு முன் வந்து, அங்கே போட்டதை எடுத்து இங்கே போடு. முடியாது என்று மட்டும் சொல்லாதே. உன்னைக் குருமடத்தில் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனவள் நான்.

பரலோக மாதா உன் ஜெபத்தையும் உன் முட்டுவலியையும் ஒருசேரக் கவனித்துக்கொள்வாளாக. உன் அத்தானும் ஷீனாவும் தோத்திரம் சொல்கிறார்கள். ஏசம்மாளும் சொல்கிறாள், பால் பொங்கியதைத் தான் பார்த்ததாகவே இன்னும் சாதிக்கிறாள்.

இப்படிக்கு,
கோபமாகவும் பாசமாகவும்,
அக்கா பரிபூரணம்.

பி.கு.: இந்தக் கடிதத்தின் கவரை ஒட்டப் பசை இல்லை. நனைத்து ஒட்டலாம் என்றால் தண்ணீர் இல்லை. வேறு வழியில்லாமல் சண்முகத்தாய் வீட்டுக்குப் போனேன். அவள் ஒரு குடம் நிறையத் தண்ணீர் பிடித்துத் தயாராக வைத்திருந்தாள். "நீங்க வருவீக, வருவீகன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்க்கா. ஒங்க தம்பி கொண்டாந்த தண்ணிய ஒங்களுக்குத் தராம நான் மட்டும் குடிச்சா எனக்குச் செமிக்குமா?" என்று கேட்டாள். அப்புறம் உட்கார வைத்துச் சோறு போட்டாள். சுடுசோறு தின்று எத்தனை நாளாயிற்று, அதனால் இரண்டாம் தரமும் வாங்கிக்கொண்டேன். பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, அவர்கள் ஜோசியர் கிழக்கு வாசல்தான் ஆகும் என்று சொல்லியிருக்கிறாராம். கம்பெனியில் கிழக்கு வாசல் எல்லாம் போய்விட்டது என்று சொன்னதால் மனசில்லாமல் மேற்கே வாங்கியிருக்கிறார்கள். அண்ணாச்சிக்கு அந்தக் கவலையில் தூக்கமே இல்லை. நீ வந்து மந்திரித்த அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினாராம், அதனால்தான் அவள் அந்தப் பிடி பிடித்திருக்கிறாள். எனக்கு வீட்டில் ஆண்டவர் வேண்டும், தண்ணீரும் வேண்டும். சாயங்கால வெயிலுக்கு ஒரு திரை வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். வீட்டை மாற்றிக்கொண்டோம். பாலகணேஷ் இதை ஏதோ அவன் செய்த உபகாரம் மாதிரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறான். சண்முகத்தாயைப் பற்றி மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு, தங்கமான பிள்ளை.

ஆகையால் நீ எங்கள் வீட்டை மந்திரிக்க வர வேண்டாம். அவர்கள் வீட்டை மந்திரிக்க வர வேண்டும். அந்த ஒரு நிபந்தனையில்தான் மாறச் சம்மதித்தாள், நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலையிலேயே வந்துவிடு, சாயங்காலம் ராகு காலம் இருக்கிறதாம். முறைக்காதே. பேரைச் சொல்லி ஜெபி: குருசாமி, சண்முகத்தாய். எந்தப் பஸ்ஸில் வருகிறாய் என்று, இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிற ஆஸ்டினிடமே பதில் கொடுத்துவிடு.