மொட்டைப் பாறையில் மூன்று ஆண்டெனா

கயிற்றின் நுனியில் கட்டிய கல்லை ஆத்மநாதன் நான்காவது தடவையாக வீசினார். முதல் மூன்று தடவையும் கல் வேப்பங்கிளையைத் தொடாமல் அவர் காலடியிலேயே வந்து விழுந்திருந்தது. இந்தத் தடவை கிளையைத் தாண்டியது. தாண்டிப் போய், அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்த ஓர் ஆட்டின் முன்னால் விழுந்தது. ஆடு கல்லை முகர்ந்து பார்த்துவிட்டுக் கயிற்றைத் தின்னத் தொடங்கியது.

"ஏய்! ஏய்! அது ஆண்டெனாக் கயிறு!" என்று கத்திக்கொண்டே ஓடினார். ஓடிய வேகத்தில் பாறை வழுக்கி, முட்டி ஒரு முறை 'மளுக்' என்றது.

ஆத்மநாதன் தாலுகா அலுவலகத்தில் ரேஷன் கார்டுப் பிரிவு உதவியாளர். வயது நாற்பத்து நான்கு. போன வருஷம் பரீட்சை எழுதி ஹாம் ரேடியோ உரிமம் வாங்கியிருந்தார். செல்போன் கோபுரம், இணையம் எதுவும் இல்லாமல், சொந்த ரேடியோப் பெட்டியும் ஆண்டெனாவும் வைத்துக்கொண்டு ஊர் விட்டு ஊர் பேசுகிற வேலை அது. வீட்டு மொட்டை மாடியில் இருந்து சென்னையோடு பேசியிருக்கிறார். ஒரு முறை இலங்கைக்காரர் ஒருவர் பதில் சொன்னபோது, அன்றைக்கு இரவுச் சாப்பாட்டையே மறந்துவிட்டார்.

இந்த விஷயம் தாசில்தார் ராஜேஸ்வரியின் காதுக்குப் போனதுதான் வினை.

"கஜாப் புயலப்ப எத்தன நாளு போன் இல்லாமத் திண்டாடுனோம்? நாளைக்கழிச்சு மீட்டிங்ல ஒங்க ரேடியோவக் காட்டுங்க ஆத்மநாதன். ஆனா வண்டி நெறைய சாமானக் கொண்டாந்து எறக்கக் கூடாது. ஒரு செட்டு, ஒரு ஆண்டெனா. ஒரு ஆளு தூக்கிட்டு மேட்டுல ஏறிப் பேசணும். நல்லா வந்துச்சுன்னா ஒங்களப் பேரிடர்ப் பிரிவுக்கு மாத்தச் சொல்லி நானே எழுதுறேன்."

பேரிடர்ப் பிரிவு! பதினோரு வருஷமாகப் பெயர் சேர்த்தல், பெயர் நீக்கல், முகவரி மாற்றம் என்று குனிந்த தலை நிமிராத மனிதருக்கு அந்த ஒரு சொல்லே புயல்காற்று மாதிரி சில்லென்று இருந்தது.

எந்த செட், எந்த ஆண்டெனா என்று முடிவு செய்யத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமைப் பரிசோதனை. குடுமியான்மலைக்குப் போகும் வழியில் ஒரு மொட்டைப் பாறை. அதன் உச்சியில் இரண்டு ரேடியோ, மூன்று ஆண்டெனாவோடு ஆத்மநாதன். கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டர் தள்ளி, ஆவூரில் தன் வீட்டு ரேடியோ முன்னால் சூசைமாணிக்கம் சார். ஓய்வுபெற்ற இயற்பியல் வாத்தியார். ஆத்மநாதனை இந்த வழிக்குக் கொண்டுவந்தவரே அவர்தான்.

"பழைய ஏ.எம். முறையிலயே பேசுங்க தம்பி. அதுலதான் மனுசக் குரல் மனுசக் குரலா இருக்கும்" என்று காலையிலேயே சொல்லியிருந்தார்.

பாறை உச்சியில் செல்போன் எடுக்காது. சரிவில் இறங்கி, காரை நிறுத்தியிருந்த பனைமரத்தடிக்குப் போனால்தான் இரண்டு கோடு காட்டும். புயல் நேரத்துக்குப் பொருத்தமான இடம்தான் என்று முதலில் ஆத்மநாதனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆட்டிடமிருந்து மீட்ட கயிற்றோடு கம்பி ஆண்டெனாவை ஒருவழியாக வேப்பமரத்தில் ஏற்றினார். டிபன் பாக்ஸ் அளவில் இருந்த சின்ன ரேடியோவை அதில் இணைத்தார். காது முழுவதையும் மூடும் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டார். அதை மாட்டினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது.

"சூசை சார், சூசை சார், ஆத்மநாதன் பேசுறேன். மொட்டைப் பாறையிலேருந்து பேசுறேன். கேக்குதா?"

கரகரப்பு.

"காலையில டீயோட வந்தது சார். இன்னும் பச்சத் தண்ணி பல்லுல படல. கேட்டா ஒரு வார்த்தை சொல்லுங்க."

கரகரப்பு.

கால் மணி நேரம் இப்படியே போனது. சரிவில் இறங்கிப் போய் போன் செய்தார்.

"ஒண்ணுமே கேக்கலயே தம்பி" என்றார் சூசைமாணிக்கம். "கம்பி ஆண்டெனா தாழ்வா இருக்கும். அந்த வளைய ஆண்டெனா வச்சிருக்கீங்கள்ல, அத மாட்டிப் பாருங்க."

திரும்பி மேலே ஏறியபோது, பாறையில் பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள் தூக்குச்சட்டியும் வாழை இலையுமாக நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. எம்பேரு பொற்கொடி. இந்தப் பாறைக்கு அங்கிட்டு எங்க கோயில்ல பேரனுக்குக் காதுகுத்து. இட்லியும் வடையும் கொண்டாந்தேன். வெயில்ல வெறும் வயித்தோட கெடக்கக் கூடாது, சாப்பிடுங்க."

ஆத்மநாதனுக்குக் கண் கலங்கியது. முன்பின் தெரியாத ஆளின் முகத்தைப் பார்த்தே பசியைக் கண்டுபிடிக்கிற ஊர்! ஆறு இட்லி சாப்பிட்டார்.

வளைய ஆண்டெனா என்பது ஒரு ஆள் கட்டிப்பிடிக்கும் அளவுக்குச் செம்புக் குழாயை வட்டமாக வளைத்து ஒரு காலில் நிறுத்தியது. மரம் வேண்டாம், கயிறு வேண்டாம், ஆட்டுக்கும் அதில் தின்ன ஒன்றுமில்லை. அதைப் பாறையில் நிறுத்தியதும் வெயிலில் தகதகவென்று மின்னியது.

பொற்கொடி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "திருவாசி மட்டும் இருக்கு? சாமி எங்க?"

"சாமி இல்லக்கா. இது ஆண்டெனா."

"என்ன சேனல் தம்பி வரும்?"

"சேனல் வராதுக்கா. ஆவூர்லேருந்து ஒரு வாத்தியார் வருவாரு."

பொற்கொடி அவரைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

ஆத்மநாதன் ஹெட்போனை மாட்டினார். "சூசை சார், வளையத்துக்கு மாறியிருக்கேன். முட்டி வலி உசுரு போகுது சார். இந்த வெயில்ல தலையில துண்டு கூட இல்ல. கேக்குதா?"

பத்து நிமிஷத்தில் இரண்டு பெண்கள் மேலே வந்தார்கள். ஒருவர் கையில் குடை. இன்னொருவர் கையில் வலித்தைலம். பின்னாலேயே ஆறேழு பேர் வேடிக்கை பார்க்க ஏறி வந்தார்கள். ஒருவர் வளையத்தின் உச்சியில் ஒரு முழம் மல்லிகையைச் சுற்றினார்.

"நான் நொண்டி நடந்தத கீழேருந்தே பாத்துட்டீங்களா?" என்று கூச்சத்தோடு கேட்டார் ஆத்மநாதன்.

"கஷ்டம்னா மனுசன்தானே பாக்கணும்" என்றார் தைலக்காரப் பெண்.

பெரிய மனசு. ஆனால் இந்த வளையத்திடம் ஒரு குணம் உண்டு. பக்கத்தில் ஆள் வந்து நின்றாலே அதன் சுருதி கலைந்துவிடும். ஒவ்வொரு முறையும் குமிழைத் திருகிச் சரி செய்ய வேண்டும். அவர் திருகத் திருக, என்னவோ நடக்கப் போகிறது என்று கூட்டம் இன்னும் நெருங்கியது. நெருங்க நெருங்கச் சுருதி கலைந்தது.

"எல்லாரும் தள்ளி நில்லுங்க! கிட்ட வந்தீங்கன்னா வேலை செய்யாது! பேசுறப்ப கையும் வைக்காதீங்க, சுட்டுப்புடும்!"

"துடியான சாமிதான்" என்றது ஒரு குரல். இப்போது நாலைந்து பேர் கும்பிடவே ஆரம்பித்தார்கள்.

கெஞ்சிக் கூத்தாடி அவர்களைக் கீழே அனுப்பிவிட்டு, மறுபடி சரிவில் இறங்கி ஆவூருக்குப் போன் செய்தார்.

"சுத்தமா ஒண்ணும் இல்ல தம்பி. அந்தச் சின்ன செட்டுல பவர் பத்தல. பெரிய செட்ட எடுங்க. ஆண்டெனாவ நல்லா ஒசரத்துல நிறுத்துங்க."

பெரிய செட்டுக்குப் பெரிய பேட்டரி வேண்டும். ஆத்மநாதன் யோசித்தார். பிறகு காரின் முன்பக்கத்தைத் திறந்து பேட்டரியைக் கழற்றினார். முட்டியில் தைலம் மணக்க, பேட்டரியை இடுப்பில் குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு, நான்கு இடத்தில் உட்கார்ந்து எழுந்து உச்சிக்குப் போய்ச் சேர்ந்தார்.

மூன்றாவது ஆண்டெனாவுக்குக் கம்பம், மடக்கிய மீன் தூண்டில். இழுத்து நீட்டினால் இருபதடிக்கு மேல் வரும். அதோடு கம்பியைச் சுற்றி, கற்களை அண்டக் கொடுத்து நிமிர்த்தினார். தூண்டிலின் நுனி வானத்தில் ஆடியது. தண்ணீரே இல்லாத பாறையில் தூண்டிலோடு நிற்கும் தன்னைத் தெரிந்தவர் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று மட்டும் அவருக்குக் கவலையாக இருந்தது.

முழு பவரில் வைத்துப் பேசினார். இருபது நிமிஷம் பேசினார். ஒன்றிலிருந்து நூறு வரை எண்ணினார். நூறிலிருந்து ஒன்று வரை எண்ணினார். ஹெட்போனில் அதே கரகரப்பு.

நாளைக்கு மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் இதே கரகரப்புதான். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை பெயர் சேர்த்தல், பெயர் நீக்கல். மைக்கைப் பிடித்த கை தானாக அழுத்தியது. ஒலி அலையில் சொந்தக் கதை பேசக் கூடாது என்பது விதி. ஆனால் யாருக்கும் கேட்காத இடத்தில் விதி எதற்கு?

"சூசை சார், ஒங்களுக்கும் கேக்காது, ஒலகத்துல ஒருத்தருக்கும் கேக்காது. அந்தத் தைரியத்துல சொல்றேன். எங்க தாசில்தாரம்மாவுக்கு ரேடியோன்னா என்னன்னே தெரியாது சார். பாட்டுப் பெட்டின்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க. மைக்கக் கையில குடுத்தா மட்டும் மழை வந்தாலும் எறங்க மாட்டாங்க. அவங்க பேசுறதையும் நாந்தான் எழுதிக் குடுக்கணும். போன மாசம் பேரிடர்னு எழுதிக் குடுத்தத பேரிடின்னு படிச்சாங்க, இடிய எப்படி எதிர்கொள்றதுன்னு அர மணி நேரம் சொந்தமா வேற பேசுனாங்க! எம்மேசைக்கு அடியில ரேஷன் கார்டு மனு அறுநூறு கெடக்கு. நான் அதப் பாப்பேனா, இவங்க பேச்ச எழுதுவேனா? அவங்க சரின்னு சொன்னாத்தான் எனக்கு மாறுதலாம். மொதல்ல அவங்கள யாராச்சும் மாத்துங்கப்பா!"

மைக்கைக் கீழே வைத்தார். பதினோரு வருஷப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. ஹெட்போனைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

சரிவில் மூச்சிரைக்க ஒருவர் ஏறி வந்துகொண்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கையில் ஒரு காகிதம்.

"சார், நான் திருப்பதி. ரேஷன் கார்டு சார் நீங்கதானே? மருமகப் பேரு சேக்கணும். எட்டு மாசமா நடக்குறேன்."

ஆத்மநாதன் திடுக்கிட்டார். "ஞாயித்துக்கிழமையில, பாறை மேல... என்னை எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

"ஒங்கள இப்ப யாருக்கு சார் தெரியாது?" என்றார் திருப்பதி.

அவர் பின்னால் இன்னும் பதினைந்து பேர். எல்லோர் கையிலும் காகிதம். எல்லோர் முகத்திலும் அடக்க முடியாத சிரிப்பு. ஒருவர் காதுகுத்துப் பத்திரிகையின் பின்பக்கத்திலேயே மனு எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"சார், பாறையில என்ன மீனு மாட்டுது?" என்று ஒருவர் கேட்க, பாறையே அதிரும்படி சிரித்தார்கள்.

"நல்ல மனுசன்டா. மனசுல ஒண்ணையும் வச்சுக்கத் தெரியாது" என்று இன்னொருவர் பரிந்து பேசினார்.

ஆத்மநாதன் மனுக்களை வாங்கி பேட்டரிக்கு அடியில் செருகிவிட்டு, தப்பித்தால் போதும் என்று பனைமரத்தடிக்கு ஓடினார். போனை எடுத்தார்.

"சார், மூணு ஆண்டெனாவும் வேலைக்கு ஆகல. நாளைக்கு லீவு போட்டுரப் போறேன்."

மறுமுனையில் சூசைமாணிக்கம் தொண்டையைச் செருமினார்.

"தம்பி, கோவிச்சுக்கக் கூடாது. முந்தாநேத்து இடி இடிச்சுச்சுன்னு நான் என்னோட ஆண்டெனா ஒயரக் கழட்டிப் போட்டிருக்கேன். திரும்ப மாட்டவே இல்ல. இப்பத்தான் பாக்குறேன். மாட்டிட்டேன். மேல போயி ஒரு தடவை பேசுங்க."

கோபப்பட ஆத்மநாதனுக்கு நேரமில்லை. முட்டி இருப்பதையே மறந்து பாறையில் ஏறினார். ஹெட்போனை மாட்டினார்.

"சூசை சார், கேக்குதா?"

"கேக்குது தம்பி!" என்றது ஆவூர். "கணீர்னு கேக்குது! பக்கத்துல ஒக்காந்து பேசுற மாதிரி இருக்கு!"

சின்ன செட்டுக்கு மாற்றினார். அதிலும் கேட்டது. வளையத்தை மாட்டினார். மல்லிகைப்பூவோடு கேட்டது. கம்பியை மாட்டினார். ஆடு தின்ற மிச்சக் கயிற்றில் தொங்கிய கம்பியும் கேட்டது. எல்லாமே வேலை செய்தது! சின்ன செட், வளைய ஆண்டெனா, ஒரே தோள்பை. முடிவாகிவிட்டது. கண்ணை மூடினால் பேரிடர்ப் பிரிவில் ஜன்னலோர நாற்காலி தெரிந்தது.

"சார், ஜெயிச்சுட்டோம்! நாளைக்குப் பாருங்க, அந்தம்மா வாயடைச்சுப் போயி நிப்பாங்க!" என்று மைக்கில் கத்திவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரிய கைதட்டல் எழுந்தது. சீழ்க்கை கூடக் கேட்டது. குழந்தைக்குக் காது குத்தி முடித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு, மனம் நிறைந்து, வளையத்தைக் கழற்றத் தொடங்கினார்.

அப்போது தோளில் ஒயர்ச் சுருளோடு, டெஸ்டர் செருகிய சட்டைப் பையோடு ஒருவர் மேலே வந்தார். தயங்கித் தயங்கிப் பக்கத்தில் நின்றார்.

"நீங்களும் பேரு சேக்கணுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார் ஆத்மநாதன்.

"இல்ல சார், நான் கீழ காதுகுத்துக்கு மைக்செட் போட்டிருக்கிறவன். காலையிலேருந்து நீங்க பேசுறது பூரா எங்க நாலு கொழாய் ஸ்பீக்கர்லயும்தான் சார் கேக்குது. மொத வரிசையில ஒக்காந்திருக்கிற தாசில்தாரம்மா, செட்டு ரொம்ப நல்லா வேலை செய்யுது, நாளைக்கு நீங்க வந்து காட்ட வேணாம்னு சொல்லிட்டு வரச் சொன்னாங்க."