நெல்லித்தாங்கல் டயர்

வெடித்த டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு கோவர்த்தனன் திருப்பதி மோட்டார் கம்பெனிக்குள் நுழைந்ததுமே, மானேஜர் பாலையா சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"நீங்க போட்ட ஒட்டு புட்டுக்கினு போயிடுச்சு. புது டயர் குடுங்க" என்றார் கோவர்த்தனன்.

அவருடைய அவசரம் நியாயமானது. மறுநாள் காலை புத்தூருக்கு எல்லை விசாரணை அதிகாரி வருகிறார். எந்த ஊர் ஆந்திராவில் இருப்பது, எந்த ஊர் மதராஸோடு சேர்வது என்று ஊர்க்காரர்களிடமே கேட்கப் போகிறார். நெல்லித்தாங்கல் மதராஸுக்கே என்று இரண்டு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்தியவர் கோவர்த்தனன். ஊர் சார்பில் பேசப்போவதும் அவர்தான், பெரியவர்களை ஏற்றிப் போகவேண்டியதும் அவருடைய கார்தான். இப்போது மாட்டியிருக்கும் ஸ்டெப்னியோ சுத்த வழுக்கை. திருப்பதி வரை வந்ததே பெருமாள் புண்ணியம்.

பாலையா டயரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. சுவரிலிருந்த பலகையைக் காட்டினார். ரிப்பேருக்குக் கம்பெனியின் பொறுப்பு ஆந்திர எல்லைக்குள் மட்டும். மதராஸ் பக்கத்துக்கு வேறு ஏஜென்சி.

"டயர் எங்க வெடிச்சிது?"

"எங்க ஊரு ஏரிக்கரையில."

"அப்போ மதராஸ்ல போய்க் கேளுங்க" என்று வாசலில் நின்ற காரைக் காட்டினார் பாலையா. கதவில் 'நெல்லித்தாங்கல் மதராஸுக்கே' என்று சிவப்புப் பெயின்டில் கொட்டை எழுத்து. கோவர்த்தனன் தன் கையாலேயே எழுதியது.

பாலையாவும் லேசுப்பட்டவர் அல்ல. ஒரு சாண் மண்ணும் மதராஸுக்குத் தரமாட்டோம் என்று கிளம்பியிருக்கும் எதிர்க் கமிட்டிக்குத் தலைவர். அப்படி எழுதிய தட்டி அவர் நாற்காலிக்குப் பின்னாலேயே மாட்டியிருந்தது. நாளைக்குப் புத்தூரில் அவரும் பேசப் போகிறார்.

வரி இன்னும் சித்தூருக்குத்தானே கட்டுகிறோம் என்றார் கோவர்த்தனன். இதுதான் கடைசி வரி என்று நகரிக் கூட்டத்தில் முழங்கியது யார் என்று பாலையா கேட்டார். கோவர்த்தனன் வெளியே போய், மேல்துண்டை நனைத்துக் கதவைத் தேய்த்தார். எழுத்து போகவில்லை. வெயில் பட்டு இன்னும் பளபளத்தது.

திரும்பி வந்து, எங்கள் ஊரில் மாட்டைக்கூடத் தெலுங்கில்தான் ஓட்டுவோம் என்று தெலுங்கிலேயே சொன்னார். அந்தத் தெலுங்கைக் கேட்டுச் சிரித்ததில் பாலையாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இந்தத் தெலுங்கு ஒண்ணு போதுமய்யா. உங்க ஊருக் கல்யாணத்துக்கு வந்திருக்கேன். பந்தியில உக்காந்து எழுந்திருக்கற வரைக்கும் ஒரு தெலுங்கு வார்த்தை காதுல விழலை. நெல்லித்தாங்கல் அசல் தமிழ் ஊரு. ஆந்திராவுக்கும் அதுக்கும் சம்பந்தமே லேது."

பஞ்சர் ஒட்டுவதற்காக ஜீப்பை ஷெட்டில் விட்டுவிட்டு, பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒல்லி மனிதர் ஒருவர் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். சண்டை நன்றாக இருந்தது.

கோவர்த்தனனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டது. வாசலுக்கு வந்து திருமலை பக்கம் கையை நீட்டினார்.

"அந்த ஏழுமலையான் சாட்சியா சொல்றேன். எங்க ஊரு ஆந்திராதான். எங்க நைனா காலத்துலேர்ந்து ஆந்திராவோடதான் ஒட்டிக்கினு கீறோம். பிரிச்சா உசுரே போயிடும்."

இரண்டு வருஷமாக எதற்குக் கத்தினோம் என்பது ஒரு கணம் நினைவுக்கு வரத்தான் செய்தது. ஆனால் உள்ளே அலமாரி உயரத்துக்குப் புது டயர்கள் அடுக்கியிருந்தன. அப்போதுதான் தெருவுக்கு எதிரே இருந்த டீக்கடை கண்ணில் பட்டது.

"அதோ உங்க கமிட்டி ஆளுங்க டீ குடிச்சிக்கினு கீறாங்க. நெல்லித்தாங்கல் அசல் தமிழ் ஊருன்னு இப்ப சொன்னீங்களே, அதை அவங்களாண்ட ஒரு தபா சொல்லுங்க. நான் பேசாம போயிடறேன்."

பாலையா டீக்கடையைப் பார்த்தார். தலைக்கு மேலிருந்த தட்டியைப் பார்த்தார். பிறகு, ஷெட்டைப் பார்த்துக் குரல் கொடுத்து, ஒரு புது டயர் கொண்டுவரச் சொன்னார்.

கோவர்த்தனன் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு நட்டையும் முறுக்கவைத்தார். ரப்பர் வாசனை சந்தனமாக மணத்தது. டயரை ஓர் உதை உதைத்துப் பார்த்தார். ஆந்திர ராஜ்யத்தையே ஒற்றை ஆளாக ஜெயித்துவிட்ட மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது. இந்த டயரில் போய் இறங்கி, நாளைக்குப் பேசுகிற பேச்சில் அந்த அதிகாரி மறுபேச்சில்லாமல் நெல்லித்தாங்கலை மதராஸுக்குத் தாரை வார்க்கப் போகிறார்.

"நாளைக்குப் புத்தூர்ல பாத்துக்கறேன்" என்றார் பாலையா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"புது டயர்ல வரேன். முன்னாடியே வந்து குந்தியிருப்பேன்" என்றார் கோவர்த்தனன்.

ஒல்லி மனிதர் எழுந்து இருவருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய் ஜீப்பில் ஏறிக்கொண்டார். வண்டி தெருமுனை வரை போய் நின்றது. டிரைவர் இறங்கித் திரும்ப ஓடிவந்தார்.

"ஐயா சொல்லிட்டு வரச் சொன்னாருங்க. நெல்லித்தாங்கல் விஷயமா நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் புத்தூர் வரைக்கும் அலைய வேணாமாம். விசாரணை இங்கியே முடிஞ்சிடுச்சாம்."