மட்டக்கம்பு வழக்கு

மேற்பிரிவு லயம்,
தெமோதரை.

என்றும் என் மரியாதைக்குரிய மச்சான் அந்தோனிமுத்து அவர்களுக்கு, தேவதாசன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கச்சி இருதயம்மாவும் மாதா புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறோம். வத்தளையில் அக்காவும் பிள்ளைகளும் சுகம்தானே? போனில் சொல்லாமல் கடிதம் எழுதுகிறானே என்று நினைக்காதீர்கள். போனில் சொன்னால் அடுத்த நிமிஷமே அவளுக்கு எடுத்துக் கேட்பீர்கள், அப்புறம் எனக்குச் சோறு கிடைக்காது.

விஷயம் என்னவென்றால், உங்கள் தங்கச்சிமேல் பொலிஸ் கேஸ். பதறாதீர்கள். ஐந்தாம் நம்பர் மலையில் பெரிய குளவிக்கூடு. போன மாசம் மட்டும் நாலு பெண்களைக் கொட்டிவிட்டது, அதில் இவளும் ஒருத்தி. கூட்டை எடுங்கள் என்று மாதர் சங்கத் தலைவி என்ற முறையில் தோட்டத்துத் துரையிடம் மூன்று தடவை சொன்னாள். துரை பார்ப்போம் என்றார். குளவியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு, மலைக்குப் போகாமல் பத்தொன்பது பெண்களும் ஃபெக்டரி வாசலோரம் உட்கார்ந்துவிட்டார்கள். கல் எறியவில்லை, வழியை மறிக்கவில்லை, பாதிப் பேர் ஜெபமாலை சொன்னார்கள், பாதிப் பேர் வெற்றிலை போட்டார்கள், அவ்வளவுதான். துரை பொலிசுக்குப் போன் போட்டு, ஆயுதத்தோடு கூட்டம் கூடியிருக்கிறது என்று சொல்லிவிட்டார். ஆயுதம் என்ன தெரியுமா? மட்டக்கம்பு! வத்தளைக்குப் போய் இருபது வருஷத்தில் மறந்திருப்பீர்கள், கொழுந்து பறிக்கும்போது மட்டம் பார்க்கச் செடிமேல் போடுகிற கம்பு, தோட்டமே கொடுத்தது. வந்த சார்ஜன்ட் "யாரு தலைவர்?" என்றார். பத்தொன்பது பேரும் கை தூக்கினார்கள். அத்தனை பேரின் வாக்குமூலமும் எழுதி மனுஷனுக்கு விரல் வீங்கிவிட்டது. சாட்சிப் பொருள் என்று கம்புகளை ஏற்றப் பார்த்தால் ஜீப்புக்குள் போகவில்லை, கடைசியில் அவரவர் ஆயுதத்தை அவரவரே தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்து வரச் சொன்னார்.

பிணையில் வந்து மறுநாள் வேறு மலைக்கு வேலைக்குப் போனால் கம்பு இல்லை. செடியெல்லாம் மேடும் பள்ளமுமாகப் போகுதே என்று கணக்குப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார். துரை பொலிசிடம் கம்பைக் கேட்டார், வழக்கு முடியும்வரை தரமுடியாது என்றார்கள். வேறு வழியில்லாமல் புதுசாகப் பத்தொன்பது ஆயுதம் வெட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அதே பெண்களிடம் கொடுத்தார். இதைக் கேட்டு எங்கள் வக்கீல் நஸீர் சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் கொட்டிவிட்டது.

இப்போது துரை இறங்கி வந்திருக்கிறார். மன்னிப்புக் கேட்டு, இனிமேல் சங்கத்தில் இருக்கமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் கேஸ் வாபஸாம். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமையோடு இருதயம்மாவுக்கு வேலை இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான், மறைப்பானேன். "ஒரு கையெழுத்துத்தானே, போட்டுடு" என்று கெஞ்சினேன். "கூட்ட எடுக்கச் சொன்னது குத்தம்னா, அந்தக் குத்தத்த நாளைக்கும் செய்வேங்க" என்றாள். நீங்கள் அண்ணன், உங்கள் சொல்லைத் தட்டமாட்டாள், உடனே புறப்பட்டு வந்து புத்தி சொல்லுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் வாசலில் மாதா காவல் நிற்கட்டும், எங்கள் வாசலில் இப்போதைக்குப் பொலிஸ் நிற்கிறது.

இப்படிக்கு,
பயத்துடன்,
தேவதாசன்

பி.கு.: இதைத் தபாலில் போட இன்று வெள்ளிக்கிழமை புறப்பட்டேன். அவள் கையெழுத்துப் போடவில்லை, காலையில் அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள், பத்தொன்பது பேரும் மறுபடி ஃபெக்டரி வாசலில். சார்ஜன்ட் என்னைப் பார்த்து நல்லவிதமாகத்தான் சொன்னார்: "ஐயா, நீங்க ஓரமா போங்க, ஒங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லதானே." முகம் வீங்கிக் கண் திறக்கமுடியாமல் கிடந்தவளைத் தோளில் போட்டு அந்த மலையிலிருந்து ஓடி வந்தவன் நான். எனக்கா சம்பந்தம் இல்லை? உட்கார்ந்துவிட்டேன் மச்சான். உங்கள் தங்கச்சி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

ஆகவே புத்தி சொல்ல வரவேண்டாம். பிணைக்குக் கையெழுத்துப் போட ஆள் வேண்டும், அக்காவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கடிதத்தை நஸீர் தபாலில் சேர்ப்பார். முழங்காலில் வைத்து எழுதுவதால் எழுத்துக் கோணல், அதற்கு மன்னிக்கவும். வேறு எதற்கும் மன்னிப்புக் கேட்பதாக இல்லை.