நாற்பது பைகளும் ஒரு மீசையும்

எனக்குத் தையல் வரும் என்று நானே நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. மொத்தம் நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் எங்கள் வீட்டில் எந்தத் துணியையும் பழசு என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கத்தரித்திருப்பேன்.

எல்லாம் கைப்பேசியில் பார்த்த வீடியோக்களால் வந்த வினை. யாரோ ஒருவர் கிழிந்த ஜீன்ஸை நான்கு வெட்டு வெட்டி, இரண்டு நிமிடத்தில் தோள்பையாக்கி மாட்டிக்கொண்டு சிரிப்பார். நான் காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். ஒரு வேலை இரண்டு நிமிடத்தில் முடியும் என்பதே எனக்குப் புதிய செய்தி. என் மனைவி செல்வி கல்யாணத்தின்போது கொண்டுவந்த தையல் மிஷின் மேல் இஸ்திரி போட வேண்டிய துணிகள் மலைபோல் கிடந்தன. மலையைக் கட்டிலுக்கு மாற்றிவிட்டு உட்கார்ந்தேன்.

முதல் படைப்பு, என் பழைய சட்டையிலிருந்து ஒரு தலையணை உறை. சட்டையின் பொத்தான் பட்டியை அப்படியே விட்டுவிட்டால் உறையைப் போட்டுக் கழற்ற வசதி. (யோசனை நல்லதுதான். பொத்தான் பக்கத்தை மேலே வைக்கக் கூடாது என்று வீடியோவில் சொல்லவில்லை. பள்ளி ஆசிரியையான செல்வி மறுநாள் கன்னத்தில் நான்கு வட்டங்களோடு பாடம் நடத்தினாள்.) இரண்டாவது, ஜீன்ஸ் பை. மிக அழகாக வந்தது. வாயையும் சேர்த்துத் தைத்திருந்தேன்.

இந்த நிலையில்தான் என் தங்கை வசந்திக்கு வளைகாப்பு வந்தது. அவளை வரிச்சிக்குடியில் கொடுத்திருந்தோம். மாமனார் கிடையாது, கல்யாணத்துக்கு இரண்டு வருடம் முன்பே இறந்துவிட்டார். மாமியார் சாரதா அத்தைதான் அந்த வீட்டுக்கு எல்லாம். வளைகாப்புச் செலவும் சீரும் பிறந்த வீட்டின் பொறுப்பு. வருகிறவர்களுக்குத் தாம்பூலம் போட்டுக்கொடுக்கப் பை வாங்க வேண்டும் என்று அம்மா சொன்னதும், நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தே சொல்லியிருக்கலாம். ஆனால் எழுந்து நின்றுதான் சொன்னேன், நாற்பது பைகளையும் நானே தைக்கிறேன் என்று.

துணிப் பை எல்லோரும்தான் கொடுக்கிறார்கள். நான் வித்தியாசமாகச் செய்ய நினைத்தேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் பாயிடம் போய், உபயோகப்படாத பிளெக்ஸ் பேனர் இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு பெரிய சுருளைக் காட்டினார்.

"வயல்ல நெல்லுக் குவியலுக்குப் போத்திக் கெடந்தது தம்பி. மேல எழுத்து இருந்த பக்கம் கிழிஞ்சு போச்சு. மத்தபடி கெட்டி. சும்மா எடுத்துட்டுப் போங்க."

மொட்டை மாடியில் விரித்துச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். ஒரு சுருளில் ஏதோ ஜவுளிக்கடையின் பட்டுப் புடவைகள். இன்னொன்றில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். கருகருவென்று தலைமுடி, உதட்டோரம் ஒரு மச்சம், ஒன்றரை அடி அகலத்துக்கு மீசை. செல்வி மாடிக்கு வந்து பார்த்துவிட்டு யார் என்று கேட்டாள். தேர்தலில் நின்றவர் என்றேன். எந்தத் தேர்தல் என்றாள். தோற்ற தேர்தல், ஜெயித்திருந்தால் நெல்லுக்கு ஏன் போர்த்துகிறார்கள் என்றேன். எனக்கு அன்று புத்தி அவ்வளவு கூர்மையாக இருந்தது.

"பிளாஸ்டிக் பை வேணாம்னுதான இவ்வளவும் பண்றீங்க? இது மட்டும் என்ன பருத்தியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கிப் போனாள்.

அச்சடித்த பக்கத்தை உள்ளே வைத்து, வெள்ளைப் பக்கம் வெளியே தெரியும்படி தைப்பது என் திட்டம். வெளியே வளையல் படம் ஒன்றைச் சாயத்தில் பதித்துவிட்டால் கல்யாணப் பைபோல இருக்கும். உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள்?

பிளெக்ஸில் தைப்பது துணியில் தைப்பதுபோல இல்லை. குண்டூசி குத்தினால் ஓட்டை அப்படியே நிற்கும், மூடாது. அதனால் துணி காயப்போடும் கிளிப்புகளை மாட்டித் தைத்தேன். (அந்த வாரம் எங்கள் வீட்டுத் துணிகள் காற்றில் பறந்து எதிர்வீட்டு முருங்கை மரத்தில் காய்ந்தன.) துணியை அழுத்திப் பிடிக்கும் மிஷினின் கால் பிளெக்ஸில் ஒட்டிக்கொண்டு நகராது. முகப் பவுடர் தூவினால் வழுக்கும் என்று கண்டுபிடித்தேன். வீடே சலூன்போல மணந்தது. தையல் நெருக்கமாக இருந்தால் உறுதி என்று நினைத்து முதல் பையைப் பொடித் தையலாகப் போட்டேன். உள்ளே தேங்காயை வைத்துத் தூக்கியதும், தபால்தலையைக் கிழித்த மாதிரி ஓட்டை வரிசையோடு அடி கழன்று தேங்காய் என் கால் கட்டைவிரலில் விழுந்தது. அதன்பிறகு நீளத் தையல். கைப்பிடிக்கு என் பழைய கைலிகளைக் கிழித்து மடித்துத் தைத்தேன். பதினோரு ஊசி உடைந்து, நாற்பது பைகள் முடிந்தன. வரிசையாக அடுக்கி நிறுத்தியபோது, சரிந்து விழாமல் நின்றன. எனக்குக் கண் கலங்கியது.

வளைகாப்பன்று வரிச்சிக்குடி வீட்டில் பைகளின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். வந்தவர்களிடம் வாங்க என்று சொல்வதற்கு முன்பே நானே தைத்தது என்று சொன்னேன். சாரதா அத்தை கூடத்துக்கு வரவில்லை. வளையல் போடுகிற இடத்தில் தான் நிற்க வேண்டாம் என்று அவராகவே சமையற்கட்டு வாசலோடு நின்றுகொண்டார். வசந்தி எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தாள். கேட்கவில்லை. கடைசியில், ஏதாவது வேலை கொடு என்று சொல்லி, தாம்பூலப் பைகளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

வளையல் போட்டு முடிந்து, கலந்த சாதம் சாப்பிட்டு, ஒவ்வொருவராகப் பை வாங்க ஆரம்பித்தார்கள். பத்து, பன்னிரண்டு போயிருக்கும். ஒரு பையில் வெற்றிலை வைத்தோமா என்று அத்தைக்குச் சந்தேகம் வந்தது. வாயைப் பிரித்து உள்ளே பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடியே இருந்தார். பிறகு தேங்காய், பழம், வளையல் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு, பையை உள்வெளியாகத் திருப்பினார்.

பாதி மீசையும் ஒரு மச்சமும் வெளியே வந்தன.

"தம்பி, இது எங்க வீட்டுக்காரரு" என்றார்.

நான் சிரித்தேன். தேர்தலில் நின்றவர் என்று விளக்கம் சொல்லவும் வாயெடுத்தேன். அதற்குள் இன்னொரு பையைத் திறந்து பார்த்த உறவுக்காரப் பெரியம்மா, கிழிசலுக்குத் தப்பி, நான் கவனிக்காமல் விட்ட பொடி எழுத்தை எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசித்தார்: "நீங்கா நினைவு."

அந்த வீட்டில் சுவரில் மாலையோடு இருப்பது கண்ணாடி போட்ட, வழுக்கை விழுந்த பெரியவரின் படம். நினைவு நாளுக்கு ரோட்டோரத்தில் வைத்த பேனரில், நாற்பது வயதில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருக்கிறார்கள். அதை நான் பார்த்ததே இல்லை. நிறைமாதத்துக்குப் போகும் பெண்ணை உட்கார வைத்து, அவள் மாமனாரின் அஞ்சலி பேனரை வெட்டித் தாம்பூலம் கொடுத்திருக்கிறேன் என்பது கூடத்திலிருந்த எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. நல்ல காரியத்தில் இப்படியா என்று பெரியம்மா முணுமுணுத்தார். அம்மா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். முழங்கை வரை வளையலும் கன்னத்தில் சந்தனமுமாக உட்கார்ந்திருந்த வசந்தி என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் என்னால் நினைக்க முடியாது.

"அண்ணே, நீ சாப்ட்டியா?" என்றாள் மெதுவாக. "சாப்புடாட்டியும் கெளம்பு."

நான் எழுந்தேன். அத்தை என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு கூடத்தைப் பார்த்து, எல்லோரும் தங்கள் பையைக் கொஞ்சம் திருப்பச் சொன்னார். யாருக்கும் மறுக்கத் தோன்றவில்லை. தேங்காய்கள் உருண்டன. பட்டுப்புடவை வந்த பைகளை ஓரம் ஒதுக்கிவிட்டு, மற்றவற்றை ஜமுக்காளத்தில் பரப்பச் செய்து, அத்தை மண்டியிட்டு அடுக்க ஆரம்பித்தார். இது நெற்றி, மேலே வை. இது கழுத்து. இல்லை, அது மோவாய். மூக்கை வைத்திருந்த பெண் வாசல் வரை போய்விட்டாள், திரும்ப அழைத்து வந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மனிதர் வந்து சேர்ந்தார், ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் என் கைலிக் கட்டம் போட்ட கைப்பிடியோடு.

அத்தை எழுந்து நின்று பார்த்தார்.

"ஒல்லியாயிட்டாரு" என்றார்.

அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம். தையலுக்காக இரண்டு பக்கமும் அரை அரை அங்குலம் உள்ளே போய்விடும், அதனால்தான் கண்கள் கிட்டத்தில் வந்துவிட்டன என்று தொழில் விளக்கம் கொடுத்தேன்.

அத்தையின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து வசந்தி எழப்போனாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலும் தண்ணீர் வழிந்தது.

"வளகாப்பப் பாக்க இல்லாம போயிட்டீங்களேன்னு காலையில படத்துக்கு முன்னால நின்னு சண்ட போட்டேன். வந்துட்டாரு பாரு. இப்புடித் துண்டுதுண்டா வருவாருன்னுதான் நெனைக்கல."

முதலில் செல்வி சிரித்தாள். பிறகு கூடம் முழுக்கச் சிரித்தது, பெரியம்மா உட்பட. யாரோ சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்து அத்தையை வசந்தியின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவர் மருமகள் கையில் இரண்டு வளையல் போட்டுவிட்டார். இந்த முறை அவர் மறுக்கவில்லை.

போட்டு முடித்த கையோடு ஜமுக்காளத்தைத் திரும்பிப் பார்த்து, இடது காது எங்கே என்றார்.

காது அம்பகரத்தூருக்குப் போயிருந்தது. பேருந்துக்கு நேரமாகிறது என்று முதலில் கிளம்பிய ஓர் அம்மா அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தால், பையில் புளி போட்டுக் கட்டி வைத்திருந்தார். உள்ளே ஒரு காது இருந்ததை அவரும் பார்த்திருக்கிறார். ஆனால் பை கெட்டியாக இருக்கிறது, தரமாட்டேன் என்றார். என் வாழ்க்கையில் என் தையலை ஒருவர் பாராட்டியது அந்த ஒருமுறைதான். அதை அனுபவிக்க முடியாமல், இரண்டு பட்டுப்புடவைப் பைகளைக் கொடுத்துக் காதை மீட்டு வந்தேன்.

அதன்பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை, நான் போட்ட தையலையெல்லாம் நானே பிரித்தேன். தைப்பதைவிடப் பிரிப்பது எனக்கு நன்றாக வந்தது. துண்டுகளை ஒரு பழைய படுக்கை விரிப்பின் மேல் வைத்து ஒட்டுப்போட்டுத் தைத்து, வரிச்சிக்குடியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தை அதைக் கொல்லைப்பக்கத் தாழ்வாரத்துச் சுவரில் மாட்டியிருக்கிறார். ஊசி ஓட்டைகள் மூடவில்லை. புதிதாக வருகிறவர்கள், பெரியவருக்கு அம்மை போட்டிருந்ததா என்று விசாரிக்கிறார்கள். காதில் இன்னமும் லேசாகப் புளி வாசம் அடிக்கிறது. அத்தைக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. தினமும் அங்கே உட்கார்ந்துதான் கீரை ஆய்கிறார்.

எங்கள் குடும்பத்தில் இப்போது நான் எந்தப் பையில் எதை வைத்துக் கொடுத்தாலும், வாங்குகிறவர்கள் முதலில் அதை உள்வெளியாகத் திருப்பிப் பார்க்கிறார்கள். கடையில் வாங்கிய பை என்று நான் சத்தியம் செய்தாலும் திருப்புகிறார்கள்.

போன மாதம் வசந்தியின் மகளுக்கு, செல்வியின் பழைய சுடிதாரில் ஒரு கவுன் தைத்துக் கொண்டுபோனேன். மூன்று வயதுக் குழந்தை. அவளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்ற தைரியம்தான். வாங்கியவள் தரையில் உட்கார்ந்து, கவுனைத் திருப்பி, இரண்டு கைத்துளைக்குள்ளும் எட்டிப் பார்த்தாள்.

"யாரும் இல்ல ஆத்தா" என்று உள்ளே இருந்த சாரதா அத்தைக்குக் குரல் கொடுத்துவிட்டு, அதன்பிறகுதான் போட்டுக்கொண்டாள்.