சம்பந்தியை அடித்த கதை

சொந்தச் சம்பந்தியை முகத்தில் அடித்தவன் நான். அதுவும் நாலு பேர் பார்க்க, டிராக் பேண்ட் போட்டுக்கொண்டு. (சீர்வரிசைத் தகராறெல்லாம் இல்லை. அவர் தங்கமான மனிதர்.)

பேரன் பிறந்ததும் என் மனைவியும் சம்பந்தியம்மாவும் போட்டி போட்டுக்கொண்டு பெங்களூருக்கு, என் மகள் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். வேலம்பாளையத்தில் நான் தனி, சாமளாபுரத்தில் சம்பந்தி தனி. பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராகக் காலமெல்லாம் மிஷின் இரைச்சலில் நின்றவனுக்கு, ரிட்டயர்டான பிறகு வீட்டின் அமைதி ஒத்துக்கொள்ளவே இல்லை. ஹாலில் டிவியை ஓடவிட்டு, அடுப்படியில் போய் உட்கார்ந்திருப்பேன். யாரோ பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும்.

இதை அங்கிருந்தே எப்படியோ மோப்பம் பிடித்த என் மகள், எங்கள் ஏரியா பிக்கிள்பால் கோர்ட்டில் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துவிட்டாள். முன்பு துணி குடோனாக இருந்த இடம்; சின்ன மட்டையால் பிளாஸ்டிக் பந்தை வலைக்கு மேல் அடிக்கும் ஆட்டம். சம்பந்தி மொபெட்டில் வந்துவிடுவார். அந்த ஒரு மணி நேரத்துக்காக நான் காலையிலிருந்தே ஷூவைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

ஜோடிப் பயிற்சி என்றாள் கோச் பொண்ணு. பக்கத்துப் பக்கத்தில் நிற்க வேண்டும். நடுவில் வரும் பந்துக்கு ஒருவர் "மைன்", அதாவது பந்து என்னுடையது, என்று கத்திவிட்டு அடிக்க வேண்டும். பந்து வந்தது.

"நீங்க எடுங்க சம்பந்தி," என்றேன்.

"இல்லீங்க, நீங்க எடுங்க," என்றார் அவர்.

பந்து எங்கள் நடுவில் விழுந்து உருண்டு போனது. அடுத்ததும் அப்படியே. சம்பந்திக்கு முன்னால் எனக்கு வேண்டும் என்று கேட்டு எங்கள் பக்கம் பழக்கமே இல்லை. கல்யாணப் பந்தியில் ஒரே ஜிலேபியை மாற்றி மாற்றித் தள்ளிவிட்டவர்கள் நாங்கள்.

கோச் பொறுமையிழந்து எங்களை வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக எதிரெதிரே நிறுத்தினாள். "யோசிக்காம வேகமா அடிங்க அங்கிள். கை தானாப் போகணும்."

நான் யோசிக்கவில்லை. கை தானாகப் போனது. பந்து நேராகச் சம்பந்தியின் மூக்குக் கண்ணாடியில் போய் மோதியது. கண்ணாடி ரெண்டு துண்டு, மூக்கில் ரத்தம்.

"பரவால்லீங்க. நல்ல அடிங்க," என்றார், மூக்கைப் பிடித்துக்கொண்டே.

மறுநாளிலிருந்து வரவில்லை. போன் செய்தால், "கண்ணாடி இன்னும் வரலீங்க" என்பார். ஒரு கண்ணாடி எத்தனை நாளைக்குத்தான் வராமல் இருக்கும்? மகளின் வாழ்க்கையை நினைத்துப் பயந்தேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். உண்மையில், பேச இருந்த ஒரே ஆளும் போய்விட்டாரே என்றுதான் பயந்தேன். தனியாகப் போய்ச் சுவரில் அடித்தேன். சுவர் எல்லாப் பந்தையும் திருப்பிக் கொடுத்தது. "நீங்க எடுங்க" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் வந்துவிட்டார். புதுக் கண்ணாடியைத் தலைக்குப் பின்னால் நாடா போட்டு இறுக்கியிருந்தார். (நாடா அவருடைய டிராக் பேண்ட்டிலிருந்து உருவியது. ஆகவே ஒரு கை பேண்ட்டில்.) மறுபடி ஜோடியாக நின்றோம். நடுவில் பந்து வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், கூரை அதிர, "மைனுங்க" என்று கத்தினார். பந்தை வெளியேதான் அடித்தார், அது வேறு விஷயம்.

பெங்களூரில் இன்றுவரை இதுதான் பேச்சு. வீடியோ காலில் மகள் கடைசித் துண்டு கேக்கைக் கையில் எடுத்து "மைனுங்க" என்பாள். அங்கே எல்லோரும் சிரிப்பார்கள். போனை வைத்ததும் என் வீடு பழையபடி ஆகிவிடும்.

அதனால் ஆடி முடித்ததும் சம்பந்தியை வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுகிறேன். வழியில் வடை வாங்குவேன், மூன்றே மூன்று. ஆளுக்கு ஒன்று போக மிஞ்சும் வடையை "நீங்க எடுங்க", "இல்லீங்க, நீங்க எடுங்க" என்று தள்ளித் தள்ளி முடிக்க அரை மணி நேரமாவது ஆகும். அதுவரைக்கும் அவர் கிளம்ப மாட்டார்.